சடுகுடு பெய்ஜிங் போன பாதை

இந்த மலருக்கு நான் எழுத நினைத்தது வேறு. ஹாஸ்டல் மெஸ், லேப் வைவா, அரியர் என்று வழக்கமான நினைவலைகளைத்தான் எழுதித் தருவதாக மலர்க் குழுவிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். அதை மாற்றியது சாரத்தில் ஒரு சீனியர் வீட்டு மொட்டை மாடியில் நடந்த விளையாட்டு உபகுழுக் கூட்டம்.

வேலை சின்னதுதான். சந்திப்பு நடக்கும் ஞாயிற்றுக்கிழமை காலை முதல் மாலை வரை கல்லூரி மைதானம் நம் கையில். ஐந்து ஆட்டம் வைக்கலாம். எந்த ஐந்து? கிரிக்கெட் என்று யாரும் வாய் திறந்து சொல்லவே இல்லை, எழுதுகிறவர் தானாகவே முதல் வரியில் எழுதிவிட்டார். அப்புறம் வாலிபால், ஷட்டில், கேரம். ஐந்தாவது வரியில்தான் வம்பு.

"சடுகுடு வைங்கப்பா" என்றார் எண்பதுகளில் படித்த ஓர் அண்ணன்.

"அண்ணே, மேட் இல்லாம மண்ணுல விழுந்து யாருக்காவது முட்டி போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"ரூல் யாருக்கு ஒழுங்கா தெரியும்?"

"பேரு குடுக்க ஆள் வருமா மொதல்ல?"

இன்னொரு சீனியர், அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர். "அப்ப பெத்தாங் வைங்க. ஐம்பது வயசுக்காரனும் ஆடலாம், முட்டியும் போகாது" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

மூன்று ரவுண்டு டீ ஆயிற்று, முடிவு வரவில்லை. ஆசிய விளையாட்டு, ஒலிம்பிக் கணக்குகளைப் பள்ளிக்கூட நாளிலிருந்தே நோட்டுப் போட்டு எழுதி வைக்கிற கிறுக்கு எனக்கு உண்டு. அன்று மாடியில் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் எங்கேயோ ஏற்கெனவே கேட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். மேட், ரூல், ஆள் வருமா என்ற இந்தக் கேள்விகளைத்தான் பெரிய பெரிய சங்கங்களும் எழுபது எண்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. நம் சடுகுடு அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி ஒரு வாசலைத் தாண்டியிருக்கிறது. இன்னொரு வாசலில் இன்னும் நிற்கிறது.

முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி 1951 மார்ச் 4 முதல் 11 வரை டில்லியில் நடந்தது. 11 நாடுகள், 489 வீரர்கள். தடகளம், நீச்சல் வகைகள், கூடைப்பந்து, சைக்கிள், கால்பந்து, பளுதூக்குதல், அவ்வளவுதான் பட்டியல். இதில் எனக்கு இன்றுவரை ஆச்சரியம் ஹாக்கி இல்லாதது. 1948-ல் லண்டனில் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய நாடு, தன் வீட்டு விசேஷத்தில் ஹாக்கியைச் சேர்க்கவில்லை! 1958-ல் டோக்கியோவில்தான் ஹாக்கி உள்ளே வந்தது. வந்ததும் தங்கத்தைப் பாகிஸ்தான் தட்டிக்கொண்டு போய்விட்டது. அது தனிக் கதை.

(நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தகவல்: 1951-ல் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில். 1954 நவம்பர் 1-ல்தான் ஆட்சி கை மாறியது, சட்டப்படி 1962 ஆகஸ்ட் 16-ல். சாரத்துப் பையன் எவ்வளவு நன்றாக ஓடியிருந்தாலும் அன்று டில்லியில் இந்தியா என்று எழுதிய பனியனைப் போட்டிருக்க முடியாது.)

அந்த டில்லிப் போட்டியில் கபடி காட்சி ஆட்டமாக ஆடிக் காட்டப்பட்டது. காட்சி ஆட்டம் என்றால் என்ன? கல்யாணப் பந்தலில் உட்கார நாற்காலி உண்டு, சாப்பிட இலை கிடையாது. பதக்கம் இல்லை, பட்டியலில் கணக்கு இல்லை. இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியைச் சேர்ந்த ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் குழுவினர் அங்கே போய் நம் நாட்டு உடற்பயிற்சிகளோடு கபடியையும் ஆடிக் காட்டினார்கள். பார்த்தவர்கள் கை தட்டியிருப்பார்கள். கை தட்டுவது வேறு, சேர்த்துக்கொள்வது வேறு.

ஏன் சேர்க்கவில்லை என்று கோபப்படுவதற்கு முன்னால் நாம் எதைக் கொண்டுபோனோம் என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் சடுகுடு. ஆந்திராவில் செடுகுடு. மராட்டியத்தில் ஹு-து-து. வங்காளத்தில் ஹா-டு-டு. பஞ்சாபில் பெரிய வட்டத்துக்குள் ஆடும் ஆட்டமே வேறு. பெயர் மட்டும் இல்லை, சட்டமும் வேறு. ஓர் ஊரில் அவுட் ஆனவன் வெளியே போய், எதிர் ஆள் அவுட் ஆனால் உயிர் பெற்றுத் திரும்புவான். இன்னோர் ஊரில் போனவன் போனவன்தான். மூன்றாவது ஊரில் யாருமே வெளியே போவதில்லை, புள்ளி மட்டும் எண்ணுவார்கள். சஞ்சீவனி, காமினி, அமர் என்று இந்த மூன்றுக்கும் பெயரே இருக்கிறது. ஒரே ஊருக்குள் கூட தெருவுக்குத் தெரு மாறும். சின்ன வயசில் காணும் பொங்கலுக்கு எங்கள் தெருப் பையன்களும் பக்கத்துத் தெருப் பையன்களும் மோதினால் ஆட்டம் கால் மணி, சண்டை முக்கால் மணி. சண்டை முழுக்க சட்டத்தைப் பற்றித்தான்.

நான் இன்ஜினியர், நட்டு போல்ட்டு பாஷையில் யோசித்தால்தான் எனக்கு விளங்கும். கோயம்புத்தூரில் கடைந்த எம்-10 போல்ட்டு ஜப்பானில் செய்த நட்டில் ஏற வேண்டும் என்றால் இரண்டு பேரும் ஒரே மரை அளவை ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் தாத்தா காலத்து மரை இதைவிட அழகு என்று வாதாடலாம். ஆனால் நட்டு ஏறாது.

அந்தப் பொது மரையைப் போடுகிற வேலை மேற்கு இந்தியாவில் 1920-களிலேயே தொடங்கிவிட்டது. 1938-ல் கல்கத்தாவில் நடந்த தேசியப் போட்டியில் கபடி இடம் பெற்றது. 1950-ல் அகில இந்திய கபடி சம்மேளனம் உருவானது. சஞ்சீவனி முறையை ஒட்டிச் சட்டம் வகுத்தார்கள். ஆண்களுக்கு 13 மீட்டருக்கு 10 மீட்டர் களம். அணியில் 12 பேர், களத்தில் 7 பேர். 20 நிமிஷம் வீதம் இரண்டு பாதி.

அந்த மேஜையில் நாம் விட்டுக்கொடுத்ததும் உண்டு. முதலில் பெயர். 'கை பிடி'தான் கபடி ஆனது என்று நம் பக்கம் சொல்லி ஆறுதல் அடைகிறோம். நான் மொழி அறிஞன் இல்லை, அதனால் அதில் தலையிட மாட்டேன். இரண்டாவது, பாட்டு. பழைய ஆட்டக்காரர்கள் கோட்டைத் தாண்டும்போது ஆளுக்கொரு பாட்டு வைத்திருப்பார்கள். எதிராளியின் ஊரைக் கிண்டல் செய்வதும், தன் மாமன் மச்சானைப் புகழ்வதும் எல்லாம் அதற்குள் வரும். ஒரே மூச்சில் பாட வேண்டும், மூச்சை விட்டால் போச்சு. பொதுச் சட்டத்தில் ஒரே சொல்தான், கபடி கபடி. ஜப்பான் நடுவருக்கும் ஈரான் நடுவருக்கும் காதில் பிடிபட வேண்டுமே. பிறகு ஒரு ரெய்டுக்கு 30 வினாடி என்று கடிகாரமும் வந்துவிட்டது. மூச்சு அளந்த நேரத்தை இப்போது கடிகாரம் அளக்கிறது. கபடி கபடி என்று சொல்வது இன்றும் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் டி.வி.யில் பார்க்கிறவர்கள் கண் மூச்சின் மேல் இல்லை, ஓடுகிற நம்பர் மேல் இருக்கிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. வேறு வழி இருந்ததா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன்.

சட்டம் மட்டும் போதாது, ஆட எதிராளி வேண்டும். நாமே ஆடி நாமே தங்கம் வாங்குவதை யார் ஒத்துக்கொள்வார்கள்? 1978-ல் ஆசிய அமெச்சூர் கபடி சம்மேளனம் ஏற்பட்டது. 1979-ல் நம் நாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் ஜப்பானுக்குப் போய் ஊர் ஊராக ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். 1980-ல் கல்கத்தாவில் முதல் ஆசிய சாம்பியன்ஷிப். கபடியைத் தேசிய விளையாட்டாகவே வைத்திருக்கிற வங்காளதேசம் நமக்குப் பெரிய துணை. 1985-ல் டாக்காவில் நடந்த தெற்காசியப் போட்டியில் கபடி பதக்க ஆட்டமாகிவிட்டது.

இடையில் 1982 டில்லி ஆசியப் போட்டி. அங்கும் கபடிக்குக் காட்சி ஆட்ட நாற்காலிதான்! நடத்துகிற நாடு நாமே. அந்த வருஷம் குதிரையேற்றம் புதிதாகச் சேர்ந்தது. அதற்குள் குதிரையில் பாய்ந்து வந்து தரையில் அடித்த முளையை ஈட்டியால் குத்தி எடுக்கிற போட்டியும் இருந்தது, நம் வீரர் தங்கம் வாங்கினார். அந்த முளை குத்தும் போட்டி அதற்குப் பிறகு ஆசியப் போட்டியில் வரவே இல்லை. நடத்துகிறவன் தயவில் உள்ளே வருகிற ஆட்டத்துக்கு ஆயுள் எவ்வளவு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. இன்னொன்றும் நோட்டில் இருக்கிறது. 2018-ல் ஜகார்த்தாவில் இந்தோனேசியா தன் பெஞ்சாக் சிலாட்டை வைத்து, அதிலிருந்த 16 தங்கத்தில் 14-ஐத் தானே எடுத்துக்கொண்டது. பந்தி போட்டவனே முதல் பந்தியில் உட்கார்ந்த கதை.

கபடிக்கு இலை போட்டது டில்லி இல்லை, பெய்ஜிங். 1990. சீனா தன் வூஷூவைக் கொண்டுவந்தது, தென்கிழக்கு ஆசியாவின் செபக் தக்ரா வந்தது, கூடவே நம் கபடியும் பதக்க ஆட்டமாக வந்தது. இந்தியா தங்கம், வங்காளதேசம் வெள்ளி, பாகிஸ்தான் வெண்கலம். தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று: பெய்ஜிங்கில் இந்தியாவுக்கு 8 வெள்ளி, 14 வெண்கலம் கிடைத்தது, தங்கம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்று கபடியில் வந்தது. ஹாக்கி, தடகளம், குத்துச்சண்டை எதுவும் தரவில்லை. 39 வருஷம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆட்டம் வீட்டின் மானத்தைக் காப்பாற்றியது.

1994 ஹிரோஷிமாவில் தங்கம் வாங்கிய அணியில் தூத்துக்குடி மாவட்டம் மணத்தியைச் சேர்ந்த கணேசன் இருந்தார், அடுத்த வருஷம் அர்ஜுனா விருது வாங்கினார். 2025-ல் வந்த 'பைசன்' படம் அவர் வாழ்க்கையைத் தழுவியது. கபடி பதக்கப் பட்டியலில் ஏறியிராவிட்டால் மணத்தி கணேசன் மணத்தியிலும் சுற்றுப்பட்டிலும் மட்டுமே பேர் பெற்றிருப்பார். பட்டியல் என்றால் வெறும் கௌரவம் இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை, ஒரு விருது, ஒரு குடும்பத்தின் தலையெழுத்து அதற்குள் இருக்கிறது. நம் வகுப்பிலேயே விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் வாங்கியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

1990-லிருந்து 2014 வரை ஏழு முறை தொடர்ந்து ஆண்கள் தங்கம் நமக்கே. 2010-ல் பெண்கள் பிரிவு வந்தது, அதிலும் நாமே. எனக்குக்கூட ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்தது, இதெல்லாம் ஒரு போட்டியா என்று. 2018 ஜகார்த்தாவில் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. குரூப் ஆட்டத்தில் தென் கொரியா ஒரு புள்ளியில் நம்மை வீழ்த்தியது. அரையிறுதியில் ஈரான் வெளியே அனுப்பியது. பெண்கள் இறுதியில் ஈரான் 27, நாம் 24. அந்த ஈரான் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் மராட்டியத்தின் ஷைலஜா ஜெயின். அன்று ஊரே துக்கம் கொண்டாடியது. நான் மட்டும் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன், ஆபீஸில் திட்டு வாங்கினேன். என் கணக்கில் கபடி நிஜமாகவே ஆசிய ஆட்டம் ஆனது 1990-ல் இல்லை, அன்றுதான். வேறு ஊர்க்காரன் நம்மைத் தோற்கடிக்கக் கற்றுக்கொண்ட பிறகு, அதைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்று யாரும் எளிதாகப் பேச முடியாது.

2023-ல் ஹாங்ஜோவில் தங்கம் திரும்பி வந்தது. ஆண்கள் இறுதி ஆட்டம் 28-28 என்று நிற்கும்போது பவன் செஹ்ராவத்தின் ஒரு ரெய்டுக்கு எந்தச் சட்டம், பழையதா புதியதா என்று தகராறு. ஒரு மணி நேரம் போல ஆட்டம் நின்றது. கடைசியில் 33-29. டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு எங்கள் தெரு காணும் பொங்கல் ஞாபகம்தான் வந்தது.

இது ஆசிய வாசல். ஒலிம்பிக் வாசல் வேறு மாதிரி. அங்கே வெகுகாலம் இருந்த சட்டம் இது: ஆண்கள் ஆட்டம் குறைந்தது 75 நாடுகளிலும் 4 கண்டங்களிலும் பரவியிருக்க வேண்டும், பெண்கள் ஆட்டம் 40 நாடுகளிலும் 3 கண்டங்களிலும். 2016-ல் ஆமதாபாத்தில் நடந்த கபடி உலகக் கோப்பைக்கு போலந்து, கென்யா, அர்ஜென்டினா எல்லாம் வந்தும் மொத்தம் 12 அணிகள். 75 எங்கே, 12 எங்கே.

சரி, பரவியிருந்தால் மட்டும் போதுமா? இங்கேதான் நம் சீனியரின் பெத்தாங் வருகிறது. நகரத்தில் இன்றும் மாலை வேளையில் இரும்புக் குண்டு உருட்டுகிறவர்களைப் பார்க்கலாம். சொல்தாக்கள் குடும்பங்கள் காப்பாற்றி வைத்திருக்கிற ஆட்டம். தெரியாதவர்களுக்கு: சின்ன மரக்குண்டு ஒன்றை 6 முதல் 10 மீட்டர் தூரத்தில் போட வேண்டும், 650 முதல் 800 கிராம் எடையுள்ள இரும்புக் குண்டுகளை அதற்குப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். 13 புள்ளி எடுத்தவர் ஜெயித்தார். இது பிறந்தது தெற்கு பிரான்சில் லா சியோத்தா என்ற ஊரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்கு முன் இருந்த ஆட்டத்தில் ஓடிவந்து குண்டு எறிய வேண்டும். மூட்டுவாதக்காரர் ஒருவருக்காக, காலை ஊன்றி நின்றபடி எறியலாம் என்று சட்டத்தை மாற்றினார்கள். முட்டி போகாது என்று சீனியர் சொன்னது சரித்திரப்படி ரொம்பச் சரி!

1958-ல் மார்செய்யில் உலக சம்மேளனம், 1985 முதல் உலக விளையாட்டுகளில் இடம், 2001 முதல் தென்கிழக்கு ஆசியப் போட்டியில் இடம். தாய்லாந்தில் ராஜமாதாவே ஆதரித்து வளர்த்த ஆட்டம். அப்பேர்ப்பட்ட ஆட்டம், 2024 ஒலிம்பிக் தன் சொந்த நாட்டுத் தலைநகரில் நடக்கப்போகிறது என்றதும் மனுப் போட்டது. 2014-ல் செய்த சீர்திருத்தத்தின்படி நடத்துகிற நகரமே சில ஆட்டங்களைச் சிபாரிசு செய்யலாம். 2019 பிப்ரவரியில் பாரிஸ் குழு எடுத்தது சறுக்குப்பலகை, அலைச்சறுக்கு, சுவர் ஏறுதல், பிரேக் டான்ஸ். பெத்தாங்குக்கு இடம் இல்லை. இளைஞர்களை இழுக்க வேண்டுமாம். பிரேக் டான்ஸ் 2024-ல் ஒரு முறை ஆடிவிட்டு 2028 பட்டியலில் இல்லாமல் போய்விட்டது. ஆகவே வயதும் உதவாது, வாலிபமும் நிரந்தரம் இல்லை.

2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் கமிட்டி, 2028 லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிரிக்கெட்டைச் சேர்த்தது. 1900 பாரிஸில் இங்கிலாந்துக்காரர்களும் பிரான்சும் ஒரே ஓர் ஆட்டம் ஆடியதோடு சரி, 128 வருஷம் கழித்துத் திரும்புகிறது. கூடவே ஸ்குவாஷும். ஸ்குவாஷ் 2005-ல் கேட்டது, மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைக்கவில்லை. 2009-ல் இடம் கோல்ஃபுக்கும் ரக்பிக்கும் போனது. 2013-ல் கதவருகே வந்தபோது, சில மாதம் முன்பு பட்டியலிலிருந்து தூக்கப்பட்ட மல்யுத்தமே அந்த இடத்துக்குப் போட்டியிட்டு ஜெயித்தது. சென்னையில் பயிற்சி பெற்ற சௌரவ் கோஷல், ஜோஷ்னா சின்னப்பா, தீபிகா பள்ளிக்கல் மூன்று பேரும் உச்சத்தில் இருந்த வருஷங்கள் முழுக்க அந்தக் கதவு மூடியே இருந்தது. ஆசியப் பதக்கங்கள் உண்டு. ஒலிம்பியன் என்ற சொல் கிடையாது. கேரமில் இரண்டு முறை உலக சாம்பியனான சென்னை மரிய இருதயத்துக்கு அப்படி ஒரு கதவே கட்டப்படவில்லை.

2036 ஒலிம்பிக்கை நடத்த விருப்பம் தெரிவித்து இந்தியா 2024 அக்டோபரில் கடிதம் கொடுத்தது. கிடைத்தால் கபடியை நாமே வைத்துக்கொள்ளலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வைக்கலாம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் சிலம்பத்தைக் காட்சி ஆட்டமாக வைத்தார்கள், நல்ல விஷயம். ஆனால் குதிரையும் முளையும் எனக்கு மறக்கவில்லை. 2036-ல் ஒரு முறை வைப்பதைவிட, இப்போதே பத்துப் பயிற்சியாளர்களை நைரோபிக்கும் வார்சாவுக்கும் அனுப்புவது மேல். அதில் நம் கல்லூரியில் ஆடிய பிள்ளை ஒருத்தி இருந்தால் இன்னும் நல்லது. 1979-ல் ஒருவர் ஜப்பான் போனார், அதன் பலனை 1990-ல் பார்த்தோம்.

மொட்டை மாடி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த வாரம் இந்த நோட்டோடு போனேன். ஒரு மணி நேரம் பேசினேன், பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிவில் ஷட்டிலை எடுத்துவிட்டு ஐந்தாவது இடத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். காலை வெயிலுக்கு முன் பெத்தாங், சாயங்காலம் நாலு மணிக்குச் சடுகுடு. அதாவது மொத்தம் ஐந்துதான், ஷட்டில்காரர்கள் என் மேல் கோபம். மேட் கிடையாது, மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் மண்ணைக் கொத்தி மணல் போட்டுத் தருவதாக மாணவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். எந்தச் சட்டம் என்பதில் மட்டும் இழுபறி. அண்ணன் பாட்டு வேண்டும் என்கிறார், மாணவர்கள் 30 வினாடி வேண்டும் என்கிறார்கள். முதல் பாதி பாட்டு, இரண்டாம் பாதி கடிகாரம் என்று சமரசம் செய்திருக்கிறோம்.

இரும்புக் குண்டு மூன்று செட் சீனியர் வீட்டிலிருந்து வருகிறது. சடுகுடுவுக்கு இதை எழுதும்வரை ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் இரண்டு பேருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இரண்டு அணிக்கு இன்னும் ஐந்து பேர் வேண்டும்.